9வது படிக்கிற பொண்ணோட வாட்ஸாப், இன்ஸ்டாவை நாம பாக்கலாமா? வீட்டுல தினமும் இதே சண்டை

திருப்பூர்க்காரி:

எல்லாருக்கும் வணக்கமுங்க. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

எங்க பொண்ணுக்கு 14 வயசு, ஒன்பதாவது. போன் குடுக்கவே கூடாதுன்னுதான் இருந்தோம், ஆனா ஹோம்வொர்க்ல இருந்து நாளைக்கு கலர் டிரஸ்ஸா யூனிஃபார்மாங்கற வரைக்கும் எல்லாமே ஸ்கூல் வாட்ஸாப் குரூப்லதான் வருது, நான் பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன், வீடு வந்து சேர ஏழரை ஆயிடும், ஷிப்மென்ட் நேரம்னா இன்னும் லேட்டு, அதனால அவங்கப்பாவோட பழைய போனைக் குடுத்துட்டோம். வாட்ஸாப் மட்டும்தான்னு சொல்லித்தான் குடுத்தது. இன்ஸ்டா எப்ப வந்துச்சுன்னே தெரியல. கேட்டா "எல்லாரும் வச்சிருக்காங்கம்மா, நான் மட்டும் இல்லன்னா கிளாஸ்ல எதப் பத்திப் பேசறாங்கன்னே புரியாது"ங்கறா. சரின்னு விட்டாச்சு.

இப்ப கொஞ்ச நாளா நான் ரூமுக்குள்ள போனாலே போனைக் கவுத்துப் போடறா. பேட்டர்ன் மாத்திட்டா. சிக்னல் இல்லன்னு மொட்டை மாடிக்குப் போறா, எங்க வீட்டுல வைஃபை இருக்கு, சிக்னலுக்கு மாடிக்கு ஏன் போகணும்? போன வாரம் ராத்திரி போன் சார்ஜ்ல கெடந்துச்சு, ஸ்க்ரீன்ல ஒரு மெசேஜ் வந்து மின்னுச்சு. "டீ டெலீட் பண்ணிட்டியா, உங்க வீட்ல பாத்துடப் போறாங்க." அனுப்பினது யாருன்னு பாத்தா பேரு "சோஷியல் மிஸ்"னு சேவ் ஆகியிருக்கு. எந்த ஊர்ல சோஷியல் மிஸ்ஸு ராத்திரி பத்தரைக்கு பிள்ளைய டீ போட்டு மெசேஜ் அனுப்புவாங்க நீங்களே சொல்லுங்க.

இத வீட்டுக்காரர்கிட்ட சொன்னதுல இருந்து அவர் ஒரே பிடியா நிக்கறார். அவர் கூட வேலை செய்யறவர் ஒரு ஆப் குடுத்திருக்காராம், அவ போன்ல போட்டா ஐகானே தெரியாதாம், சாட், போட்டோ, கால் எல்லாம் நம்ம போன்லயே பாக்கலாமாம். "நம்ம பிள்ளை, நம்ம போன், நாம ரீசார்ஜ் பண்றோம், பாக்கறதுல என்ன தப்பு"ங்கறார். மாமியார் ஒரு படி மேல போயி போனைப் புடுங்கி பீரோவுல வைங்கறாங்க. எனக்கு ரெண்டுமே மனசு ஒப்பல. நான் அவ வயசுல எழுதின டைரிய எங்கம்மா எடுத்து சித்தி முன்னாடி படிச்சாங்க, அதுக்கப்புறம் எங்கம்மாகிட்ட நான் எதையும் சொன்னதே இல்ல, இன்னைக்கு வரைக்கும். அதே சமயம் பயமாவும் இருக்கு, தெனமும் பேப்பர்ல வர்றதப் படிக்கறோம்ல.

பெரிய பிள்ளைங்க வச்சிருக்கறவங்க என்ன பண்றீங்கன்னு சொல்லுங்க. அந்த ஆப் போடலாமா வேண்டாமா?


நெல்லை_அண்ணாச்சி:

தங்கச்சி, இதுல இவ்வளவு யோசிக்க என்ன இருக்கு? 14 வயசுப் பிள்ளைக்கு என்ன பிரைவசி? வீட்ல அரிசி வாங்குறது யாரு, நாமதானே. எனக்கு ஒரு பையன் பதினொண்ணாவது, ஒரு பொண்ணு எட்டாவது. ரெண்டு பேர் போன் லாக்கும் எனக்குத் தெரியும், என்கிட்ட கேக்காம ஒரு ஆப் ஏத்த முடியாது. ராத்திரி ஒம்போதரை ஆச்சுன்னா எல்லா போனும் ஹால்ல டிவி ஸ்டாண்டுக்கு வந்துரணும், என் போனும் அங்கதான் கெடக்கும், கடை ஆளுங்க கூப்பிட்டா எந்திரிச்சு வந்து எடுப்பேன். வாரத்துல ஒரு நாள் நானே கையில வாங்கி அவங்க முன்னாடியே பாப்பேன். பையன் மொறைப்பான். மொறைச்சுக்கோன்னு விட்டுருவேன்.

ஆனா ஒண்ணு, அந்த ஒளிச்சு வைக்கிற ஆப் எனக்குப் பிடிக்கல. பாக்கணும்னா நேரா நின்னு பாக்கணும், நான் பாப்பேன்னு பிள்ளைக்குத் தெரியணும். தெரியாம பாக்குறதுக்கு என்ன பேருன்னு உங்களுக்கே தெரியும். உங்க வீட்டுக்காரரை நேரா போனை வாங்கிப் பாக்கச் சொல்லுங்க. அழுதா அழட்டும், ரெண்டு நாள்ல சரியாயிரும்.


கடைசி_பெஞ்ச்:

நான் இங்க அம்மா அப்பா யாரும் இல்ல, காலேஜ் செகண்ட் இயர், 19 வயசு, திருச்சி. ஆனா அந்தப் பக்கத்துல இருந்து ஒரு ஆளு பேசலன்னா இந்த த்ரெட் முழுக்க பெரியவங்களே பேசி முடிச்சிடுவீங்க, அதான் எழுதறேன்.

அண்ணாச்சி அங்கிள், நீங்க வாரா வாரம் பாக்கறீங்க சரி. எங்க வீட்லயும் அப்படித்தான், ஞாயித்துக்கிழமை காலைல இன்ஸ்பெக்‌ஷன். அதனால சனிக்கிழமை ராத்திரி க்ளீனிங். சாட் எல்லாம் கிளியர், ஃபாலோயிங்ல ரெண்டு மூணு பேர் அன்ஃபாலோ, திங்கக்கிழமை திரும்ப ஃபாலோ. எங்கப்பா பாத்த அக்கவுண்ட்ல பூ போட்டோ, கோலம், பொங்கல் வாழ்த்து, அவ்ளோதான் இருக்கும். நெஜ அக்கவுண்ட் வேற பேர்ல இருந்துச்சு, அத என் போன்லயே நான் ஓபன் பண்ண மாட்டேன், டியூஷன் போற எடத்துல ஃப்ரெண்ட் போன்ல ஓபன் பண்ணுவேன். எங்க செட்ல பாதிப் பேருக்கு இப்படி ரெண்டு ஐடி இருந்துச்சு. கால்குலேட்டர் மாதிரியே இருக்கும், நம்பர் போட்டா போட்டோ திறக்கும், அப்படி ஆப் எல்லாம் பெரியவங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சோம், தெரியவும் இல்ல.

இதுல காமெடி என்னன்னா என் பிரைவசி பத்திப் பேசினா "உனக்கென்ன பிரைவசி"ம்பாங்க, ஆனா என் டென்த் மார்க் ஷீட்டை ரோல் நம்பரோட அம்மா ஸ்டேட்டஸ்ல போட்டாங்க. நான் தூங்கிட்டிருக்கற போட்டோ "என் செல்லம்"னு ஃபேமிலி குரூப்ல, அதுல யார் யார் இருக்காங்கன்னு எனக்கே தெரியாது, யாரோட மச்சானோ எல்லாம் இருக்காங்க. அத எடுங்கம்மான்னு சொன்னா "பெருசா ஆயிட்டியா நீ"ன்னு கேக்கறாங்க.

சரி சீரியஸா. எனக்கு ப்ளஸ் ஒன் படிக்கறப்ப ஒருத்தன் டிஎம் (தனி மெசேஜ்) பண்ணான், பொண்ணு பேர்ல ஐடி, ரொம்ப நாள் நல்லாத்தான் பேசினான், அப்புறம் என் ஸ்டோரில இருந்த போட்டோவ எடுத்து மாத்தி அனுப்பினான், மாத்தினதுன்னு பாத்தாலே தெரியும், ஆனாலும் நானில்லன்னு யார்கிட்ட போயி நிரூபிக்கறது. அவன் காசு கேக்கல, ஒண்ணுமே கேக்கல, ஒரே ஒரு லைன்தான் திரும்பத் திரும்ப. "உங்கப்பா நம்பர் என்கிட்ட இருக்கு, அனுப்பட்டுமா." போலீஸ்ல சொல்லிடுவேன்னு நான் சொன்னேன், அவன் சிரிச்சான். ஏன்னா அவனுக்கே தெரியும், எனக்குப் பயம் அவன் மேல இல்ல, எங்கப்பா மேலதான்னு. அவன்கிட்ட இருந்த ஒரே ஆயுதம் எங்க வீடுதான்.

ஏன்னா எங்க வீட்ல ஆபத்துன்னா என்ன அர்த்தம் தெரியுமா, லவ்வு. யாராவது பையன்கிட்ட பேசினா படிப்பு நின்னுடும், அத்தை பையனுக்கு முடிச்சிடுவாங்க, இதத்தான் சின்ன வயசுல இருந்து கேட்டு வளந்தேன். அப்ப ஒருத்தன் மிரட்டறான்னு போயி சொன்னா முதல் கேள்வி "அவன்கிட்ட நீ ஏன் பேசின"ன்னுதான் வரும்னு எனக்குத் தெரியும். கடைசில பெரியம்மா பொண்ணுகிட்ட சொன்னேன், அவதான் என்ன கூட்டிட்டுப் போயி கம்ப்ளைன்ட் பண்ண வச்சா, ஐடி போயிடுச்சு. வீட்ல இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

ஆன்ட்டி, "சோஷியல் மிஸ்" யாருன்னு உங்க பொண்ணுகிட்டயே கேளுங்க. அந்த ஆப் மட்டும் போட்டுடாதீங்க. ஒரு நாள் அவளுக்குத் தெரியும், நிச்சயமா தெரியும்.


பக்_ஃபிக்ஸர்:

ஐடில இருக்கேன், மொபைல் ஆப் டெஸ்டிங். அந்த "ஐகான் தெரியாத" ஆப் பத்தி மட்டும் டெக்னிக்கலா சொல்லிடறேன், நம்பிக்கை, வளர்ப்பு எல்லாம் மத்தவங்க பேசட்டும்.

அந்த மாதிரி ஆப் பெரும்பாலும் ப்ளே ஸ்டோர்ல இருக்காது. பிள்ளைங்கள கண்காணிக்கற ஆப்னாலும் ஒளிஞ்சு ஓடக்கூடாது, ஓடுதுன்னு போன்ல நோட்டிஃபிகேஷன் காட்டணும்னு கூகுள் ரூல் வச்சிருக்கு. அதனால இவங்க ஏபிகே ஃபைலா, அதாவது ஸ்டோருக்கு வெளிய இருந்து நேரா ஏத்தற ஆப் ஃபைலா அனுப்புவாங்க. அத ஏத்தணும்னா முதல்ல ப்ளே புரொடெக்ட்ட (கெட்ட ஆப்பைத் தடுக்கற கூகுள் பாதுகாப்பு) ஆஃப் பண்ணச் சொல்லுவாங்க, அப்புறம் அக்சஸிபிலிட்டி பர்மிஷன் கேப்பாங்க. இந்த அக்சஸிபிலிட்டி இருக்கே, அது பார்வை இல்லாதவங்களுக்கு ஸ்க்ரீனைப் படிச்சுக் காட்டறதுக்காக வச்சது, அத ஒரு ஆப்புக்குக் குடுத்தா ஸ்க்ரீன்ல வர்ற ஒவ்வொரு எழுத்தையும் அதால படிக்க முடியும், பாஸ்வேர்ட், ஓடிபி உட்பட. அது உங்க வீட்டுக்காரரோட பழைய போன்னு வேற சொல்றீங்க. அவரோட ஜிமெயில் இன்னும் அதுல லாகின்ல இருக்கான்னு முதல்ல பாருங்க, பேங்க் மெசேஜ் வர்ற சிம்மான்னும் பாருங்க.

அடுத்தது, உங்க பொண்ணோட போட்டோ, சாட், அவ எங்க இருக்காங்கற லொகேஷன் எல்லாம் அவ போன்ல இருந்து நேரா உங்க போனுக்கு வராது. நடுவுல ஏதோ ஒரு கம்பெனி சர்வர்ல போயி உக்காந்துட்டுத்தான் வரும். இந்த மாதிரி உளவு ஆப் கம்பெனிகள்ல டேட்டா லீக் ஆனது ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல. முகம் தெரியாதவன் கையில பொண்ணு போட்டோ போகக்கூடாதுன்னு பயந்து, முகம் தெரியாத கம்பெனிக்கு நாமளே மொத்த கேலரியையும் தூக்கிக் குடுக்கறது. இதுக்கு மாசச் சந்தா வேற.

சில பேர் வாட்ஸாப் லிங்க்டு டிவைஸ்ல லேப்டாப்ப கனெக்ட் பண்ணிப் பாப்பாங்க. அதுவும் ரகசியமா நிக்காது, லிங்க்டு டிவைசஸ்னு தட்டினா எந்த சிஸ்டம், கடைசியா எப்ப ஆக்டிவ்னு லிஸ்ட்டே வரும். இந்தக் காலத்துப் பிள்ளைங்க அத நம்மளவிட முன்னாடி பாப்பாங்க.

ஒளிவுமறைவு இல்லாம பண்ண வழி இருக்கு. ஆண்ட்ராய்டு போன்னா கூகுள் ஃபேமிலி லிங்க். புது ஆப் ஏத்தணும்னா உங்க போனுக்கு அனுமதி கேட்டு வரும், ராத்திரி இத்தன மணிக்கு லாக்னு வைக்கலாம், எந்த ஆப்ல எவ்ளோ நேரம் இருந்தான்னு தெரியும். சாட் உள்ள என்ன இருக்குன்னு காட்டாது. என்னைக் கேட்டா அதுதான் அதோட நல்ல விஷயமே. அவ போன்ல, அவ பாஸ்வேர்ட் போட்டு, அவ சம்மதிச்சுத்தான் செட் பண்ண முடியும்.

இன்ஸ்டாவுக்கு டீன் அக்கவுண்ட்னு ஒண்ணு 2024 செப்டம்பர்ல அறிவிச்சாங்க, நம்ம நாட்டுக்கு 2025 பிப்ரவரில வந்துச்சு. 18க்குக் கீழன்னா அக்கவுண்ட் தானா பிரைவேட் ஆயிடும், அவ ஃபாலோ பண்ற ஆளுங்க, ஏற்கனவே கனெக்ட் ஆன ஆளுங்க மட்டும்தான் மெசேஜ் பண்ண முடியும், ராத்திரி 10 மணில இருந்து காலைல 7 மணி வரைக்கும் நோட்டிஃபிகேஷன் வராது, ஒரு மணி நேரம் பாத்தா போதும் எந்திரின்னு சொல்லும். 16க்குக் கீழ இருக்கற பிள்ளை இதையெல்லாம் லூஸ் பண்ணணும்னா பேரன்ட் ஓகே பண்ணணும். நீங்க அதுல சூப்பர்விஷன் (பேரன்ட் கண்காணிப்பு செட்டிங்) போட்டீங்கன்னா கடைசி ஏழு நாள்ல யார்கிட்ட பேசினான்னு பேர் தெரியும், என்ன பேசினான்னு தெரியாது. ஸ்னாப்சாட்ல ஃபேமிலி சென்டரும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான்.

ஆனா ஒரு ஓட்டை இருக்கு. இதெல்லாம் அக்கவுண்ட்ல சரியான பிறந்த தேதி இருந்தாத்தான். பாதிப் பிள்ளைங்க அக்கவுண்ட் ஆரம்பிக்கறப்ப 13 ஆகியிருக்காது, அதனால வாய்க்கு வந்த வருஷத்தப் போட்டிருப்பாங்க. என் அண்ணன் பையன் இன்ஸ்டா கணக்குப்படி 1998ல பொறந்தவன், என்னைவிட ரெண்டு வயசுதான் சின்னவன். அவனுக்கு வர்ற விளம்பரம் எல்லாம் பர்சனல் லோனு.


திருப்பூர்க்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கடைசி பெஞ்ச் பாப்பா, நீ எழுதினதப் படிச்சிட்டு எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு கண்ணு. அத எங்க வீட்டுக்காரருக்கும் படிச்சுக் காட்டினேன், ஒண்ணும் பேசல, எந்திரிச்சுப் போயிட்டார். ஜிமெயில் விஷயம் மட்டும் சுருக்குன்னு பட்டுச்சு போல, ஆமா லாகின்லதான் இருக்கு, இப்பதான் உக்காந்து எடுத்துட்டிருக்கார். ஆப் இப்போதைக்குப் போடல.

ஆனா அந்த மெசேஜ் பத்தி எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. தெரியாத மாதிரி "யாருகூட பேசற"ன்னு ஆரம்பிச்சுப் பாக்கலாமா?


வாத்தியாரம்மா:

மதுரையில எய்டட் ஸ்கூல்ல இருபது வருஷத்துக்கு மேல ஹைஸ்கூல் பிள்ளைங்களோட குப்பை கொட்டறேன்மா. தெரியாத மாதிரி கேக்காதீங்க. பதில் தெரிஞ்சுக்கிட்டே கேள்வி கேக்கறது பிள்ளைய பொய் சொல்ல வைக்கறதுக்குன்னே கேக்கற மாதிரி. அது பொய் சொல்லும், நீங்க "பொய் சொல்ற பாத்தியா"ன்னு கத்துவீங்க, அப்புறம் பேச்சு மெசேஜ் பத்தி இருக்காது, பொய் பத்திதான் இருக்கும். நேரா சொல்லிடுங்க. "அன்னைக்கு சார்ஜ் போட்டிருந்தப்ப ஸ்க்ரீன்ல வந்துச்சு, நான் எடுத்து நோண்டல, ஆனா கண்ணுல பட்டுச்சு, எனக்கு பயமா இருக்கு, என்னன்னு சொல்லு." இவ்வளவுதான். அவங்கப்பா, பாட்டி யாரும் பக்கத்துல வேண்டாம். ஸ்கூட்டர்ல கடைக்குப் போறப்ப கேளுங்க, முகம் பாக்க வேண்டியதில்லன்னா பிள்ளைங்க நெறய பேசும்.

இன்னொண்ணு யாரும் சொல்லல. அவ சாட்டைப் படிச்சா அவளோடது மட்டும் படிக்கறதில்ல. அவ ஃப்ரெண்டு எந்தப் பிள்ளையோ தன் வீட்டுக் கஷ்டத்த, அப்பா குடிச்சிட்டு அடிக்கறத, தனக்கு பீரியட்ஸ் தள்ளிப் போறத எல்லாம் உங்க பொண்ண நம்பி எழுதியிருக்கும். அதையும் நீங்க படிக்கறீங்க. நாளைக்கு பேரன்ட்ஸ் மீட்டிங்ல அந்தப் பிள்ளையோட அம்மாவைப் பாத்தா உங்க முகமே காட்டிக் குடுத்துடும். அப்படி வெளிய வந்த கதை எங்க ஸ்கூல்லயே ஒண்ணு இருக்கு, விவரம் வேண்டாம்.

அதுக்காக கண்ணை மூடிட்டு இருங்கன்னு நான் சொல்லல. சில விஷயத்துல பிரைவசி எல்லாம் கிடையாது, கேக்காம போனை எடுக்கலாம், எடுக்கணும். யாராவது மிரட்டினா, செத்துப் போறேன்னு யாராவது எழுதினா, அது நம்ம பிள்ளையா இருந்தாலும் ஃப்ரெண்டா இருந்தாலும், பெரிய ஆளு ஒருத்தன் போட்டோ கேட்டா, தனியா வான்னு கூப்பிட்டா, காசு கேட்டா. இத முன்னாடியே பிள்ளைகிட்ட சொல்லி வைங்க. "இதுல ஏதாவது ஒண்ணு நடக்கற மாதிரி தெரிஞ்சா நான் உன்னைக் கேக்க மாட்டேன், எடுத்துப் பாப்பேன், மத்த நாள் தொட மாட்டேன்"னு. எந்தக் கோடு எங்க இருக்குன்னு தெரிஞ்சா பதினாலு வயசுப் பிள்ளை ஏத்துக்கும். நமக்குக் கோவம் வர்ற நாளெல்லாம் கோடு நகந்து நகந்து போனாத்தான் ஏத்துக்காது.

கடைசி பெஞ்ச் சொன்னது நூத்துக்கு நூறு. பொள்ளாச்சி ஞாபகம் இருக்கா எல்லாருக்கும்? சோஷியல் மீடியால பழகி, கூட்டிட்டுப் போயி, வீடியோ எடுத்து, அத வச்சே மிரட்டி மிரட்டி வருஷக்கணக்கா நடந்துச்சு. எத்தனை பொண்ணுங்க வாய் தெறக்காம இருந்திருக்கும். 2019 பிப்ரவரில ஒரு காலேஜ் பொண்ணு வீட்ல சொல்லி, வீட்டு ஆளுங்க கூட நின்னு புகார் குடுத்ததாலதான் அது வெளிய வந்துச்சு. 2025 மே 13ல கோயம்புத்தூர் மகளிர் கோர்ட்டு ஒம்போது பேருக்கும் சாகற வரைக்கும் ஆயுள் தண்டனை குடுத்துச்சு. அந்தப் பொண்ணு வீட்ல சொல்ல பயந்திருந்தா அந்த ஒம்போது பேரும் இன்னைக்கும் வெளியதான் சுத்திட்டிருப்பானுங்க.

அப்படி ஏதாவது நடந்தா என்ன பண்ணணும்னும் சொல்லிடறேன், இங்க படிக்கற யாருக்காவது ஆகும். முதல்ல காசு குடுக்காதீங்க, ஒரு தடவை குடுத்தா நிக்கவே நிக்காது. சாட்டைப் பதட்டத்துல டெலீட் பண்ணாதீங்க, அதுதான் ஆதாரம், ஐடியோட பேர் தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு அப்புறம் பிளாக் பண்ணுங்க. அந்தப் படத்தை சித்தப்பாவுக்கு அனுப்பிக் காட்டறேன், தெரிஞ்ச வக்கீலுக்கு அனுப்பறேன்னு யாருக்கும் ஃபார்வர்ட் பண்ணவே பண்ணாதீங்க, 18க்குக் கீழ உள்ள பிள்ளையோட அந்த மாதிரிப் படத்தப் பரப்பறதே ஐடி ஆக்ட் 67பி பிரிவுல குற்றம். பிள்ளைங்க உதவிக்கு 1098, சைபர் கிரைமுக்கு 1930, ஆன்லைன்ல சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன். டேக் இட் டவுன்னு ஒரு இலவச சர்வீஸ் இருக்கு, 18க்குக் கீழ எடுத்த படத்தை இன்ஸ்டா, ஃபேஸ்புக் மாதிரி எடங்கள்ல பரவாம தடுக்க, படத்தை அப்லோட் பண்ணவே வேண்டாம், நம்ம போன்லயே அதுக்கு ஒரு கைரேகை மாதிரி நம்பர் உண்டாக்கி அத மட்டும்தான் அனுப்பும்.

அப்புறம் பையன் வச்சிருக்கறவங்களும் இதப் படிங்க. பொண்ணு போனை மட்டும் நோண்டிட்டு பையன "ஆம்பளப் பிள்ளைக்கு என்ன"ன்னு விட்டுடறோம். கேம் விளையாடறேன்னு டிஸ்கார்டுல யார் யாரோடயோ பேசறான், வீடியோ கால்ல சட்டையக் கழட்ட வச்சு ரெக்கார்ட் பண்ணி மிரட்டறது பசங்களுக்கும் நடக்குது. அவனுங்க பொண்ணுங்களைவிட மோசம், அழக்கூட மாட்டானுங்க, சொல்லவும் மாட்டானுங்க.


மெல்பன்_வாசி:

நான் ஆஸ்திரேலியாவில இருந்து எழுதுறன், ஊர் யாழ்ப்பாணம். இஞ்ச அரசாங்கமே சட்டம் போட்டுட்டுது, 2025 டிசம்பர் 10இல இருந்து 16 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையளுக்கு இன்ஸ்டா, டிக்டாக், ஸ்னாப்சாட், யூடியூப் ஒண்டிலயும் அக்கவுண்ட் வச்சிருக்க ஏலாது. தண்டம் பிள்ளைக்கோ தாய் தகப்பனுக்கோ இல்லை, கொம்பனிக்குத்தான், 49.5 மில்லியன் டொலர் வரைக்கும். நல்லதெண்டு நானும் சந்தோசப்பட்டனான். ஆனா வாட்ஸாப் அந்த லிஸ்டில இல்லை, டிஸ்கோர்டும் இல்லை, அப்ப எங்கட மகளின்ர வகுப்புப் பிள்ளையள் எல்லாம் அங்கதான் போயிருந்து கதைக்கினம். பேசாம யூடியூப்பில லாகின் இல்லாமப் பாக்கலாம் எண்டதால இப்ப அவள் என்ன பாக்கிறாள் எண்டு ஹிஸ்டரியும் இல்லை. சட்டம் வந்தும் எங்கட வீட்டில கதைக்க வேண்டியதை நாங்கள்தான் கதைக்க வேண்டிக் கிடக்கு.


பக்_ஃபிக்ஸர்:

நம்ம நாட்டுலயும் 2023ல டேட்டா பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு, 18க்குக் கீழ உள்ள பிள்ளையோட டேட்டாவ எடுக்கணும்னா பேரன்ட் சம்மதம் வாங்கணும், பிள்ளைங்கள ட்ராக் பண்ணி விளம்பரம் காட்டக்கூடாதுன்னு அதுல இருக்கு. விதிகள் 2025 நவம்பர்லதான் வந்துச்சு, அந்தப் பகுதிக்குப் பதினெட்டு மாசம் டைம் குடுத்திருக்காங்க. சம்மதம் எப்படி வாங்குவாங்கன்னு பாப்போம், என் அண்ணன் பையன் அவங்கப்பா போனை எடுத்து அவனே சம்மதம் குடுத்துக்குவான்.


திருப்பூர்க்காரி:

அப்டேட்டுங்க. வாத்தியாரம்மா சொன்ன மாதிரியே நேத்து டைலர்கிட்ட ஜாக்கெட் வாங்கப் போறப்ப வண்டில வச்சே கேட்டேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. பல்லடம் ரோடு சிக்னல்ல நிக்கறப்ப "திட்ட மாட்டியே"ன்னா. சோஷியல் மிஸ்ஸுங்கறது அவ கிளாஸ் பொண்ணுதான், எட்டாவதுல மார்க் கொறஞ்சப்ப "அவகூட சேராத, சேந்தா உருப்பட மாட்ட"ன்னு நான் சொன்ன அதே பொண்ணு. அதுக்காகத்தான் பேர மாத்தி வச்சிருக்கா. டெலீட் பண்ணச் சொன்னது என்னன்னா, இவங்க செட்டா சேந்து பீட்டி சாரோட போட்டோவ ஸ்டிக்கர் ஆக்கியிருக்காங்க, விசில் ஊதற மாதிரி. அது சார் வரைக்கும் போயிடுச்சாம். எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, அடக்கிட்டு, ஒருத்தர் போட்டோவ அப்படிப் பண்ணலாமான்னு கேட்டேன், தப்புதான்னா.

அதோட நிக்கல. வீட்டுக்கு வந்து அவளாவே போனைக் கொண்டாந்து ஒண்ணு காட்டினா. யாரோ ஒரு ஐடி, "உங்க முகம் ஆட் ஷூட்டுக்கு நல்லாருக்கும், நாங்க கோயம்புத்தூர்ல மாடல் எடுக்கறோம், ஃபுல் போட்டோ அனுப்புங்க, வீட்ல இப்போதைக்கு சொல்ல வேண்டாம் செலக்ட் ஆனதும் சர்ப்ரைஸ் குடுக்கலாம்"னு. இவ பதில் போடல, ஆனா பிளாக்கும் பண்ணல, நெஜமா இருந்தா என்ன பண்றதுன்னு யோசிச்சாளாம். எனக்கு உள்ளுக்குள்ள ஈரக்கொலையே நடுங்கிடுச்சு, வெளிய காட்டிக்கல. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ரிப்போர்ட் பண்ணி பிளாக் பண்ணியாச்சு.

வீட்டுக்காரர் இப்ப போன் ஹால்ல வைக்கற விஷயத்துக்கு மட்டும் வந்திருக்கார், அண்ணாச்சி ஐடியா. ஆனா அவர் போனையும் அங்க வைக்கணும்னதும் கிரிக்கெட் ஸ்கோர் பாக்கணும்னு இழுக்கறார். மாமியார் இன்னும் பீரோ கட்சிதான்.

பக் ஃபிக்ஸர் தம்பி, நீங்க சொன்ன மாதிரி பிறந்த தேதி தப்பாத்தான் இருக்கு, 2003ன்னு போட்டிருக்கா. அவ போன்ல அவளையே மாத்தச் சொல்லலாமா, அக்கவுண்ட் போயிடுமோன்னு அழறா.


நெல்லை_அண்ணாச்சி:

கிரிக்கெட் ஸ்கோரு டிவியில ஓடும்னு சொல்லுங்க தங்கச்சி. போன் ஸ்டாண்டுக்கு வரணும்னா வரணும்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்னும் ஒப்பல. அந்த மாடலிங் ஐடிய அவளா காட்டினா சரி. காட்டாத பிள்ளை வீட்ல என்ன பண்ணுவீங்க? நான் வாராவாரம் பாக்குறத நிறுத்த மாட்டேன். ஆனா சனிக்கிழமை க்ளீனிங் கதையக் கேட்டதுல இருந்து என் பையன் சனிக்கிழமை ராத்திரி சீக்கிரம் தூங்கப் போறது ஏன்னு எனக்கு ஒரு டவுட்டு.


கடைசி_பெஞ்ச்:

அங்கிள் பாவம் அவன விட்டுடுங்க.


பக்_ஃபிக்ஸர்:

அக்கா, அக்கவுண்ட் போகாது, இப்ப 14 ஆயிடுச்சுல்ல. இன்ஸ்டால செட்டிங்ஸ் போயி அக்கவுண்ட்ஸ் சென்டர், அதுல பர்சனல் டீடெயில்ஸ், அதுல பர்த்டே. அவளே மாத்தட்டும், நீங்க பக்கத்துல இருங்க. வருஷத்தை மட்டும் கவனமா போடணும், கை தவறி 13க்குக் கீழ வர்ற மாதிரி வருஷம் போட்டா அக்கவுண்ட்ட டிசேபிள் பண்ணிடுவாங்க, அப்புறம் வயசுக்குப் புரூஃப் குடுத்துத் திரும்ப வாங்கறது பெரிய தலைவலி. மாத்தறதுக்கு முன்னாடி போட்டோ எல்லாம் டவுன்லோட் பண்ணி வச்சிக்கச் சொல்லுங்க, அழுகை கொறையும். டீன் அக்கவுண்ட்டா மாறினதும் அதுக்கப்புறம் வயச ஏத்தணும்னா ஐடி புரூஃபோ வீடியோ செல்ஃபியோ கேக்கும், சும்மா மாத்த முடியாது, அதையும் இப்பவே அவகிட்ட சொல்லிடுங்க. அப்புறம் ஃபாலோயர்ஸ் லிஸ்ட்ட ஒரு தடவை அவளையே ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க, பிரைவேட் ஆனாலும் ஏற்கனவே உள்ள வந்தவங்க உள்ளேயேதான் இருப்பாங்க, தெரியாத ஆளுங்கள அவளா ரிமூவ் பண்ணணும். ரிமூவ் பண்ணா அவங்களுக்கு நோட்டிஃபிகேஷன் போகாது, அந்தக் கவலை வேண்டாம்.